படத்தில் விழாத வயர்

மாலை நாலு மணி பத்து நிமிடம். கமெராவின் பின்பக்கத்துச் சிறிய திரையில் என் கண்ணுக்கு முதலில் பட்டது மரம் அல்ல. மரத்தின் பக்கமாக இறங்கி வந்த ஒரு வெள்ளை வயர். அதில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு டேப் கழன்று தொங்கியது. உள்ளே செம்புக் கம்பி மினுங்கியது. அது இரும்புக் குழாயில் முட்டிக்கொண்டிருந்தது.

அன்பான சகோதர சகோதரிகளே, நமது செபக் கூட்டத்தில் பல வருடங்களாக மற்றவர்களின் சாட்சியைக் கேட்டு வருகிறேன். படுக்கையிலிருந்து எழும்பியவர்கள் சொன்னார்கள். கடலில் தத்தளித்துத் திரும்பியவர்கள் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் ஆபத்தில் இருந்தவர்கள். என்னுடைய சாட்சியில் ஆபத்தில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். அதைத் தெரிந்துகொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் இதை எழுத இவ்வளவு காலம் எடுத்தது.

போர் முடிந்து நாலாவது நத்தார், கிறிஸ்து பிறப்பு விழா அது. நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். போர்க்காலத்தில் நானும் மனைவி றெஜினாவும் அவளுடைய தம்பி அன்ரனும் வன்னியிலிருந்து வந்து மாம்புரியில் குடியேறியவர்கள். அந்த வருடம் முதல் தடவையாக, கோயில் வளவுக்கு வெளியே, நகரத்தின் பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஒரு நத்தார் மரம் வைப்பதென்று பங்குச் சபை முடிவெடுத்தது. முஸ்லிம்கள், சிங்களவர்கள், தமிழர்கள் எல்லோரும் பஸ் ஏறி இறங்கும் இடம். எல்லோரும் பார்க்கட்டும் என்றார் எங்கள் பங்குப் பாதர்.

மரம் என்றால் உண்மையான மரமில்லை. முப்பதடி உயரத்துக்கு இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒட்டி, கூம்பு போல நிறுத்தி, கடற்றொழிலாளர்கள் கொடுத்த பழைய பச்சை வலைகளை மேலே போர்த்தி, இடையிடையே சவுக்குக் கிளைகளைச் செருகியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல மரம். அடியில், சனம் நெருக்காமல் இருக்க, இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதுவும் மரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டது.

விளக்கு வேலையை எடுத்தவர், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் சபீக் நானா. கற்பிட்டியில் பிறந்தவர். கலியாண வீடு, கந்தூரி, கோயில் திருநாள், பௌத்தப் பன்சலைப் பெரஹெர ஊர்வலம் எதுவானாலும் லைட்டும் ஒலிபெருக்கியும் அவருடையதுதான். தன் வயர்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து, அங்கே கரண்ட் கசிந்தால் தானாக நிற்கும் ட்ரிப் சுவிச் போட்டு, பெட்டியைப் பூட்டிவிட்டு, பகல் இரண்டு மணிக்கு மதுரங்குளியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு அன்ரன் ஏணியில் ஏறி உச்சியில் நட்சத்திரத்தைக் கட்டினான். சபீக் நானாவின் பெட்டி பூட்டியிருந்ததால், பக்கத்துத் தையல் கடையிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்தான். அன்ரன் படகு எஞ்சின் திருத்துகிறவன். எஞ்சினைத் தெரிந்தவனுக்கு வயரும் தெரியும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவனும் நினைத்தான்.

அன்ரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் குடித்துக்கொண்டிருந்தவன். அந்த வருட உயிர்ப்பு ஞாயிறோடு விட்டான். எட்டு மாதம் தொடவில்லை. சபையில் அவனுக்குக் கிடைத்த முதல் பொறுப்பு இந்த மரம். றெஜினா என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்: "அவனை ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ. இப்பதான் நிமிந்து நடக்கிறான்."

இனி என் தொழிலைப் பற்றி. பிரதேசப் பக்கம் மாலையிலேயே முடிந்துவிடும். ஆறரை மணிக்கு நடக்கும் விழா அடுத்த நாள் பத்திரிகையில் வரவேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. நடக்கும் முன்பே நடந்ததாக எழுதி அனுப்புவது. எல்லா நிருபரும் செய்கிற வேலை. நானும் பல வருடம் செய்தேன். பாவமாக ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று பகல் சாப்பாட்டு மேசையில் வைத்தே எழுதினேன். றெஜினா பாடகர் குழுப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகளுக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னப்பா, மரம் கொளுத்தி முடிஞ்சுதோ?"

"ஓம். ஆறரைக்கு."

"சனம் கைதட்டிச்சுதோ?"

"நல்லாத் தட்டிச்சினம்."

"என்ர பிள்ளையள் எப்பிடிப் பாடினவை?"

"இனிமையாகப் பாடினர் எண்டு போட்டிருக்கு."

"அப்ப நாங்கள் வீட்டில நிக்கலாம்" என்றாள். "இவ்வளவு உடுப்பையும் ஏன் நான் தேய்க்கிறன்?"

மூன்றரை மணிக்கு, இன்டர்நெட் வசதியுள்ள கொமினிகேசன் கடையொன்றிலிருந்து செய்தியை அனுப்பினேன். அதில் இப்படி ஒரு வரி: "உச்சியில் பொருத்தப்பட்டிருந்த பிரமாண்டமான நட்சத்திரம் ஒளிர்ந்தபோது மக்கள் பெரும் கரகோஷம் செய்தனர்." படம் மட்டும் பாக்கி. அது நாலரைக்குள் போகவேண்டும். அதற்காகத்தான் சதுக்கத்துக்கு வந்தேன்.

ஏணியடியில் நின்ற அன்ரன் கையைக் காட்டினான். "அத்தான், நட்சத்திரம் தெரியிற மாதிரி எடுங்கோ. நான்தான் ஏறிக் கட்டினது."

எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் செம்பைக் கண்டேன்.

பிழை பார்க்கவே பழகிய கண் என்னுடையது. அச்சில் எழுத்து ஒன்று விழாமல் போனால் முதலில் அது தெரியும். அந்தக் கம்பி என்ன என்பதும், அது எதில் முட்டுகிறது என்பதும், அந்த இரும்பு எங்கே போய் முடிகிறது என்பதும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. அன்ரன் எனக்கு ஐந்து அடி தூரத்தில் நின்றான். ஏணி இன்னும் எடுக்கப்படவில்லை.

நான் அந்தப் படத்தை அழித்தேன். இடப்பக்கமாக இரண்டு அடி நகர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு சவுக்குக் கிளை வயரை மறைத்தது. இரண்டாவது படம் எடுத்தேன். நன்றாக வந்தது. அனுப்பினேன்.

ஏன் சொல்லவில்லை? அன்ரனின் மனம் உடைந்துவிடும், திரும்பக் குடிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் முதலில் அதைத்தான் சொன்னேன். அது உண்மையில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் அவன் திருத்தியிருப்பான். உண்மை வேறு. நட்சத்திரம் ஒளிர்ந்தது என்று எழுதி அனுப்பியாயிற்று. நட்சத்திரத்தை இறக்கவேண்டி வந்தால், விழா பிந்தினால், என் செய்தி பொய்யாகிவிடும். எனக்கு அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது அதுதான். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான்.

கரண்ட் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது, சபீக் நானா வந்து பார்ப்பார், அவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்தேன்.

ஐந்து இருபதுக்கு மழை வந்தது. கால் மணித்தியாலம் ஊற்றிவிட்டு நின்றது. சதுக்கத்தின் சிமெந்து நிலம் முழுவதும் தண்ணீர். ஆறு மணிக்கு றெஜினா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினெட்டுப் பெண்பிள்ளைகள். எல்லோரும் சம்மனசுகள், வானதூதர் வேடம். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளித்தாள் முடி. சம்மனசுக்குச் செருப்பு இல்லை என்பது றெஜினாவின் கணக்கு. பதினெட்டுச் சோடிச் செருப்பும் தையல் கடை வாசலில் வரிசையாக வைக்கப்பட்டன. பிள்ளைகள் வெறும் காலோடு, ஈர நிலத்தில், மரத்தைச் சுற்றி நின்றார்கள். நிலம் வழுக்கியது. ஒருத்தி வளையத்தைப் பிடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிடித்தார்கள்.

நான் முன்வரிசையில், பத்திரிகைக்காரருக்கென்று போட்ட கதிரையில் இருந்தேன். சதுக்கம் நிறைந்துவிட்டது. பிரதம விருந்தினர் வந்துவிட்டார். அன்ரன் தையல் கடை வாசலில், நட்சத்திரத்தின் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். புதுச் சேர்ட் போட்டிருந்தான்.

அப்போதுதான் செபித்தேன். எப்படிச் செபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, கரண்ட் போகட்டும்."

இந்தக் கரையில் காற்று சற்றுப் பலமாக வீசினாலே கரண்ட் போகும். போகும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்ட் போகவேண்டும் என்று கேட்டேன். நான் எழும்ப வேண்டியதில்லை. ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் முழுக்க இருண்டுவிட்டால் போதும். பத்து நிமிடம் கேட்டேன். கரண்ட் போகவில்லை. பஸ் நிலையத்து விளக்குகள் ஒன்றும் துடிக்கக்கூட இல்லை.

அதற்குப் பதிலாக சபீக் நானா வந்தார். சனத்துக்குள்ளால் புகுந்து நேரே என் கதிரைக்கு வந்தார். குனிந்து காதோடு பேசினார்.

"தம்பி, மேல நட்சத்திரத்துக்கு வேற வயர் இழுத்திருக்காங்க. நான் போட்டதில்ல அது. கேட்டா அந்தப் பொடியன் எல்லாம் சரி, டேப் சுத்தின எண்டு சொல்றான். வலைக்குள்ளால எங்கால போகுதெண்டு இருட்டுல விளங்குதில்ல. நீங்க பகல்ல படம் எடுத்தீங்களாமே, ஈக்கா?"

"இருக்கு நானா."

"ஒருக்காக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டாவது படத்தை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பெரிதாக்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சவுக்குக் கிளையைப் பார்த்தார். வலையைப் பார்த்தார்.

"ஒண்டும் முட்டல்லத்தான்" என்றார். "அல்ஹம்துலில்லாஹ். பேப்பர்க்காரர் கண்ணுக்குத் தப்புமா?" என் தோளில் தட்டிவிட்டுத் தன் பெட்டியடிக்குப் போனார்.

சகோதரர்களே, நான் கேட்டது இருட்டு. ஆண்டவர் அனுப்பியது ஒரு மனிதனை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இதைவிட இலகுவான வழி இருக்க முடியாது. அந்த மனிதனுக்கு நான் படத்தால் பொய் சொன்னேன். வாயால்கூட இல்லை.

பாதர் ஒலிவாங்கியில் எண்ணத் தொடங்கினார். பத்து. சனம் சேர்ந்து கத்தியது. ஒன்பது. எட்டு. சிலர் சிங்களத்தில் எண்ணினார்கள், சிலர் தமிழில். றெஜினா இரண்டு கைகளையும் உயர்த்திப் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றாள். விளக்கு எரிந்தவுடன் பாட்டு. ஏழு. ஆறு. அன்ரன் சிரித்துக்கொண்டு நின்றான்.

என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிவிட்டது. இனி எது கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்: "ஆண்டவரே, என்ர வாயைத் திறவும்." அவ்வளவுதான். வேறு சொல் வரவில்லை.

ஐந்து. நாலு.

"அன்ரன்! தொடாதை! வயர் இரும்பில முட்டுது!"

என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுந்து நின்றதும் தெரியவில்லை. கதிரை பின்னால் விழுந்திருந்தது. அன்ரன் சுவிச்சிலிருந்து கையைச் சூடு பட்டவன் போல எடுத்தான். சனம் எண்ணிய வேகத்திலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று முடித்தது. பிரதம விருந்தினர் சபீக் நானாவின் சுவிச்சை அழுத்தினார். மரம் முழுவதும் விளக்குகள் எரிந்தன. அவை சரியான விளக்குகள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உச்சியில் நட்சத்திரம் மட்டும் கறுப்பாக நின்றது. சனம் கைதட்டியது. பிள்ளைகள் பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் சபீக் நானா பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, காலில் றப்பர் சப்பாத்தோடு வளையத்துக்கு வந்தார். "இப்பப் போடுங்க" என்று அன்ரனிடம் சொன்னார். அன்ரன் போட்டான். சபீக் நானா கரண்ட் பார்க்கும் டெஸ்டரின் நுனியை வளையத்தில் வைத்தார். டெஸ்டரின் தலையில் சிவப்பு வெளிச்சம் வந்தது. இரண்டாவது இடத்தில் வைத்தார். அங்கும் வந்தது. பிள்ளைகள் பிடித்திருந்த இடமெல்லாம் வந்தது. "நிப்பாட்டுங்க" என்றார்.

என் செபம் கேட்கப்பட்டது. நான் இங்கே முடித்திருந்தால் இது நல்ல சாட்சி. ஆனால் முடியவில்லை.

பாதர் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னார். கூர்மையான கண்ணுள்ள நமது நிருபரை இறைவன் கருவியாகப் பயன்படுத்தினார் என்றார். சனம் எனக்குக் கைதட்டியது. தாய்மார் வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். நான் கையை இழுக்கவில்லை. அன்ரனைச் சுற்றி ஒருவரும் இல்லை. பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "குடிகாரனிட்டக் குடுத்தா இப்பிடித்தான்." அன்று அவன் குடிக்கவில்லை. நான் திரும்பி அதைச் சொல்லவில்லை. அவன் ஏணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

சபீக் நானா வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். "படத்துல ஒண்டும் ஈக்கல்லியே தம்பி. இந்த இருட்டுல எப்பிடிக் கண்டீங்க?"

"இப்பதான் கண்டன் நானா. தற்செயலா."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிச்ச வயரைச் சுற்றினார்.

அடுத்த நாள் பத்திரிகை வந்தது. படம் நாலு பத்தி அகலத்தில். நட்சத்திரம் ஒளிர்ந்தது என்று அச்சாகியிருந்தது. சபையில் ஒருவர் அதைச் சட்டம் போட்டுத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்ரன் சபையை விட்டான். நத்தார்ப் பூசைக்கு வரவில்லை. தைப் பொங்கல் நாளில் ஆலங்குடாக் கரையில் ஒரு படகுக்குப் பக்கத்தில் குடிவெறியில் விழுந்து கிடந்தான் என்று றெஜினாவுக்குச் செய்தி வந்தது. அவள் என் முன்னால் இருந்து அழுதாள். "நீங்கள் அவன்ர பேரைச் சொல்லாமல் கத்தியிருக்கலாமப்பா" என்றாள். "ஆனா பிள்ளையளைக் காப்பாத்தினியள். உங்களை என்னெண்டு குறை சொல்லுறது?" அந்த இரண்டாவது வசனத்தை என்னால் தாங்க முடியவில்லை. தாங்காமல்தான் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

பாதர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "முதல்ல மச்சானிட்டப் போங்கோ. மற்றவை பிறகு" என்றார்.

எஞ்சின் கொட்டிலில் அன்ரன் தனியாக இருந்தான். நாலு பத்துக்கே கண்டதைச் சொன்னேன். படத்தை அழித்ததைச் சொன்னேன். இடப்பக்கம் நகர்ந்ததையும் சொன்னேன். அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"நாலு பத்துக்கோ? ஏணி அப்ப அங்கதானே நிண்டது அத்தான்."

"ஓம்."

"ஒரு சத்தம் தந்திருந்தா ஏறி அஞ்சு நிமிசத்தில சுத்தியிருப்பன்."

"ஓம்."

"எனக்கு இவ்வளவு நாளும் நித்திரை இல்லை. அந்தப் பிள்ளையளைக் கொல்லப் பாத்தனான் எண்டு" என்றான். "நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ?"

பல நாட்கள் கொண்டேன். அதையும் சொன்னேன்.

அங்கிருந்து சபீக் நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்; அவர் என்னை இருத்தித் தேநீர் கொடுத்தார். "எனக்கு அண்டைக்கே விளங்கின" என்றார். "படத்துல இல்லாத வயர் இருட்டுல தெரியுமா? நீங்களா வருவீங்கெண்டு பாத்துக்கிட்டிருந்தேன். மூணு மாசம் எடுத்தீங்க. கொழும்புக்குச் செய்தி போற வேகம் இதுல இல்ல." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். "என்னட்ட மறைச்சது வேற கத. அல்லாஹ்ட பொறுப்புல நிண்ட பிள்ளைகள் அது. உம்மாமார்ட்ட சொல்லுங்க."

றெஜினாவிடம் அன்று மாலை சொன்னேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னாள்: "அந்தக் கடைசிச் சின்னப்பிள்ளை வழுக்கினவள். விழாமல் இருக்க அவளின்ர கையை எடுத்து வளையத்தில வைச்சது நான். இந்தக் கையால." சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்த பிறகு, பிள்ளைகளின் பெற்றோரைப் பாதர் நிற்கச் சொன்னார். எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். எழுதிக்கொண்டு போகவில்லை. சட்டம் போட்ட பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தேன். அன்ரன் கோயிலின் பின்வரிசை வாங்கில் இருந்தான். அவன் உயிர்ப்புப் பூசைக்கும் வந்தான். அதற்குப் பிறகு இரண்டு தடவை விழுந்து எழும்பினான். இப்போது நாலு வருடமாகத் தொடவில்லை. ஒவ்வொரு மார்கழியும் நட்சத்திரம் கட்டுவது அவன்தான். சபீக் நானாவின் பெட்டியிலிருந்துதான் வயர் போகிறது.

நடக்காத ஒன்றை நடந்ததாக நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை. அதனால் என் செய்திகள் ஒருநாள் பிந்தி வருகின்றன. சில வருவதே இல்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. பதினெட்டு உயிருக்காக நன்றி. நன்றி சொல்லும்போதெல்லாம் முகத்தை மூடிக்கொள்கிறேன்.

உங்களில் யாராவது ஒன்றைக் கண்டுவிட்டு, சொல்லாமல் வைத்துக்கொண்டு, அது தானாகச் சரியாகட்டும் என்று செபித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் செபத்தை நான் அனுபவித்துப் பார்த்தவன். தயவுசெய்து இருட்டைக் கேட்காதீர்கள். வாயைத் திறக்கும்படி கேளுங்கள். நான் யார், என்ன செய்தேன் என்று முழுவதும் தெரிந்துகொண்டே அவர் எனக்கு அதைத் தந்தார். நாலு என்று எண்ணும்போது தந்தார். உங்களுக்கு அதற்கு முன்பே தருவார். அவரை நம்பி எழும்புங்கள்.

அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் தாய்மார் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.